இன்று யார் முறை?

பழுப்பு, நீலம், பச்சை–மஞ்சள். இந்த மூன்று நிறங்களைச் சொன்னதும் மூன்று முள் பிளக்கின் உள்பக்கம் உங்கள் கண்முன் வருகிறதா? வந்தால், நீங்கள் 1990களிலோ 2000களிலோ மலேசிய இடைநிலைப்பள்ளி ஒன்றின் பட்டறையில் திருப்புளி பிடித்து நின்றவர் என்று தைரியமாகச் சொல்லலாம். பழுப்பு மின்சாரம் வரும் கம்பி, ஃபியூஸ் பக்கம் போகும். நீலம் நியூட்ரல். பச்சை–மஞ்சள் எர்த், மேலே இருக்கும் நீள முள்ளுக்கு. இதைப் பாட்டு மாதிரி மனப்பாடம் செய்த தலைமுறை நாம்.

பாடத்தின் பெயர் 'கெமாஹிரான் ஹிடுப்'. தமிழில் வாழ்க்கைத் திறன். பிள்ளைகள் வாயில் அது வெறும் 'கே.எச்.'. கணிதம், அறிவியல், வரலாறு எல்லாம் என்ன படித்தோம் என்பது பாதி மறந்துவிட்டது. கே.எச். மட்டும் கையில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. வானொலியில் பழைய பள்ளி நாள்களைப் பற்றிப் பேச்செடுக்கும் போதெல்லாம் நேயர்கள் முதலில் நினைவுகூர்வது பட்டறையைத்தான். அதிலும் செய்த பொருளை விட, பாடம் முடிந்து கூட்டிப் பெருக்கியதையும், காணாமல் போன கருவிக்காக வகுப்பே காத்து நின்றதையும்தான் சிரித்துக்கொண்டே சொல்வார்கள். எனக்கும் அப்படித்தான். அதனால் இந்த வாரம் உளியை விடத் துடைப்பத்தைப் பற்றியே அதிகம் பேசப்போகிறேன்.

தெருவே ஒரு பட்டறை

பதினொரு வயது வரை நான் வளர்ந்தது ஜார்ஜ் டவுன் சூலியா தெருவிலிருந்து பிரியும் ஒரு சந்தில், கடைக்கு மேலே இருந்த பலகை மாடியில். சோழமண்டலக் கரையிலிருந்து வந்து வணிகம் செய்த தமிழ் முஸ்லிம்களைச் 'சூலியர்' என்றார்கள். தெருவுக்கும் அந்தப் பெயரே நிலைத்தது. கிங் தெரு முனையில் நாகூர் தர்கா. கொஞ்ச தூரத்தில், 1801ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல். அதிகாலைத் தொழுகை அழைப்பும், எதிர்ச்சாரியில் சீனர் கடை இரும்புக் கதவு திறக்கும் சத்தமும்தான் எங்கள் வீட்டு அலாரம்.

பினாங்கின் பழைய பகுதியில் தெருப் பெயர்களே கைத்தொழில்களைச் சொல்லும். சூலியா தெருவுக்குப் பக்கத்தில் இருக்கும் 'பிந்தால் தாலி' என்றால் கயிறு திரித்தல். ஆர்மீனியன் தெருவைச் சீனர்கள் செம்பு அடிக்கும் தெரு என்று அழைத்தார்கள். நாகூர் தர்காவை ஒட்டிய சிறு கடையில் சொங்கோக் தொப்பி கையால் தைக்கப்படுவதைப் பார்க்கச் சுற்றுப்பயணிகள் நிற்பார்கள். நாங்கள் பள்ளி விட்டு வரும்போது அதே வேலையைச் சாதாரணமாகப் பார்த்துக்கொண்டு போவோம்.

அப்பாவுக்கு அந்தத் தெருவில் ஓர் இரும்புச் சாமான் கடையில் வேலை. ஆணியை எண்ணி விற்க மாட்டார்கள், நிறுத்து விற்பார்கள். எத்தனை அங்குல ஆணி என்று கேட்காமலே, வாங்க வந்தவர் கையில் இருக்கும் பலகையைப் பார்த்து அப்பா எடுத்துக் கொடுப்பார். 

1999 முடிவோடு பழைய வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் பாதுகாப்பு தீர்ந்துபோனது. போருக்கு முன் கட்டிய கடைவீடுகளில் குறைந்த வாடகைக்கு இருந்த எத்தனையோ குடும்பங்கள் ஜார்ஜ் டவுனை விட்டு வெளியேறின. நாங்களும் ஆயர் ஈத்தாம் அடுக்குமாடிக்குப் போனோம். ஆனால் அப்பாவின் வேலை சூலியா தெருவிலேயே இருந்ததால், பள்ளி முடிந்ததும் நான் பஸ் ஏறி அங்கே வந்துவிடுவேன். கடை அடைக்கும் வரை ஆணிப் பெட்டிகளுக்கு நடுவே வீட்டுப்பாடம். 2001ஆம் ஆண்டு படிவம் 1இல் சேர்ந்து முதல் முறை பள்ளிப் பட்டறைக்குள் நுழைந்தபோது, மரத்தூளும் எண்ணெயும் இரும்பும் கலந்த அந்த வாசனை எனக்குப் புதிதாக இல்லை.

சுவரில் இருந்த நிழல்கள்

பட்டறையை 'பெங்கேல்' என்போம். உள்ளே நீளமான மர மேசைகள், ஒவ்வொரு மூலையிலும் பலகையை இறுக்கிப் பிடிக்கும் இரும்புப் பிடி. எதிர்ச்சுவர் முழுவதும் கருவிப் பலகை. அதில் ஒவ்வொரு கருவிக்கும் பின்னால் அதே வடிவத்தில் சிவப்புச் சாயம். ரம்பத்துக்கு ரம்ப நிழல், சுத்தியலுக்குச் சுத்தியல் நிழல், உளிகளுக்குச் சிறிதிலிருந்து பெரிது வரை வரிசையாக நிழல்கள். கருவியை எடுத்தால் நிழல் தெரியும். எந்தக் கருவி இல்லை என்று யாரும் சொல்லத் தேவையில்லை, சுவரே சொல்லும்.

எங்கள் பட்டறை ஆசிரியர் மலாய்க்காரர். ஓய்வு பெறச் சில ஆண்டுகளே இருந்தன. குரலை உயர்த்த மாட்டார். முதல் இரண்டு வாரம் எங்களை எந்தக் கருவியையும் தொட விடவில்லை. விதிகள் மட்டும்தான். ஓடக்கூடாது. கூந்தலை முடிந்து கட்ட வேண்டும். ஏப்ரன் இல்லாமல் உள்ளே வரக்கூடாது. உளி பிடிக்கும்போது இரண்டு கையும் கூர்முனைக்குப் பின்னால் இருக்க வேண்டும். ஒருவருக்குக் கருவி கொடுக்கும்போது பிடிப் பக்கம் அவரை நோக்கி இருக்க வேண்டும். அரம் தேய்த்த இரும்புப் பொடியை வாயால் ஊதக்கூடாது, கையாலும் தள்ளக்கூடாது, பிரஷ்தான்.

பிறகு வேலை. மூலைமட்டம் வைத்துக் கோடு போடு. ரம்பத்தைக் கோட்டின் மேல் ஓட்டாதே, வெட்டி எறியப்போகும் பக்கம் ஓட்டு. உப்புத்தாளை மர வரியோடு தேய், குறுக்கே தேய்த்தால் கீறல் விழும். பற்றவைக்கும்போது ஈயத்தை சூட்டுக்கோலில் உருக்காதே, கம்பி சேரும் இடத்தைச் சுட வைத்து அங்கே ஈயத்தைத் தொடு. ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் இருந்தது. அந்தக் காரணத்தையும் சொல்லிக்கொடுத்தார். 'செய்' என்று மட்டும் சொல்லும் பெரியவர்கள் நடுவே 'ஏன்' என்றும் சொல்லும் ஒருவர் கிடைத்தால் பதின்மூன்று வயதுப் பிள்ளைக்கு அது எவ்வளவு பெரிய மரியாதை!

இரண்டு பாடவேளை சேர்ந்தாற்போல் வரும். மணியடிக்க இருபது நிமிடம் இருக்கும்போது, செய்துகொண்டிருப்பது எந்த நிலையில் இருந்தாலும் அவர் கையைத் தட்டுவார். எல்லோரும் கருவியைக் கீழே வைக்க வேண்டும். அங்கிருந்து அன்றைய பாடத்தின் இரண்டாம் பகுதி.

கதவுக்குப் பின்னால் 'ஜட்வல் பெர்தூகாஸ்' ஒட்டியிருக்கும். முறைப் பட்டியல். வகுப்பில் ஐந்து குழு, குழுவுக்கு நான்கு பேர். ஒரு குழு மேசையை பிரஷ் போட்டுத் தட்டும். ஒரு குழு கருவியைத் துடைத்து, இரும்புப் பகுதியில் எண்ணெய்த் துணி ஓட்டி, நிழலில் மாட்டும். ஒரு குழு எண்ணும். ஒரு குழு தரையைக் கூட்டும். கடைசிக் குழு குப்பையைக் கொட்டி, மின்விசிறி, விளக்கு, ஜன்னல் பார்த்துப் பூட்டும். அடுத்த வாரம் எல்லாம் ஒரு படி நகரும். வகுப்புத் தலைவனுக்கும் விலக்கு இல்லை. முதல் மதிப்பெண் எடுப்பவருக்கும் இல்லை.

ஓர் உளி குறைந்தது

படிவம் 2 என்று நினைவு. எண்ணும் குழு, அரை அங்குல உளியின் நிழல் காலியாக இருக்கிறது என்றது. மணி அடித்துவிட்டது. அடுத்தது ஓய்வு நேரம், பசி. ஆசிரியர் கதவருகே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார். யார் கடைசியாக எடுத்தது என்று கேட்கவில்லை. பையைத் திறந்து காட்டச் சொல்லவும் இல்லை. அவர் சொன்னது ஒன்றே ஒன்று: "கூட்டும் குழு இன்னும் முடிக்கவில்லையே."

கூட்டும் குழு அவசரத்தில் நடுப்பகுதியை மட்டும் தள்ளிவிட்டு மேசைக்கடியை விட்டிருந்தது. திரும்பக் கூட்டினார்கள். மூன்றாவது மேசைக்கு அடியில் இழைப்புச் சுருள்களின் குவியலுக்குள் உளி கிடந்தது. ஆசிரியர் அதை வாங்கித் துடைத்து மாட்டிவிட்டு, "போய்ச் சாப்பிடுங்கள்" என்றார். அவ்வளவுதான்.

அன்று அவர் நினைத்திருந்தால் சந்தேகத்தை ஓர் ஆள்மேல் ஏற்றியிருக்கலாம். வகுப்பில் யார்மேல் சந்தேகம் எளிதாக விழும் என்பது பதினான்கு வயதிலேயே எல்லோருக்கும் தெரியும். அவர் அந்த வாசலைத் திறக்கவே இல்லை. ஒழுங்கு என்ற சொல்லுக்கு அன்றைக்குத்தான் எனக்கு அர்த்தம் பிடிபட்டது. குற்றவாளியைத் தேடுவதற்கு முன் வேலை முழுதாக முடிந்ததா என்று பார்ப்பது.

அதே துடைப்பம், வேறு கை

எல்லா ஆசிரியர்களும் அப்படி இருந்துவிடவில்லை. அதே பள்ளியில் வேறொருவர், தாமதமாக வருகிறவர்கள் நடைபாதையைக் கூட்ட வேண்டும் என்று ஒரு வழக்கம் வைத்திருந்தார். கேட்பதற்கு நியாயமாக இருக்கும். ஆனால் தினமும் தாமதமாக வந்தது தொலைவிலிருந்து இரண்டு பஸ் மாறி வரும் பிள்ளைகள். அவர்களில் பெரும்பாலோர் நம் பையன்கள். காரில் வந்து இறங்கும் பிள்ளைகள் தாமதமாவதே அபூர்வம். ஒரு தவணை முடிவதற்குள், நடைபாதையில் துடைப்பத்தோடு நிற்கும் தமிழ்ப் பையன் என்பது பள்ளியில் பழகிப்போன காட்சியாகிவிட்டது. கிண்டலும் சேர்ந்துகொண்டது. என் வகுப்புப் பையன் ஒருவன் அந்த வேலைக்குப் பயந்து, பஸ் தாமதமானால் பள்ளிக்கே வராமல் இருக்கத் தொடங்கினான்.

பட்டறை ஆசிரியர் ஒரு காலையில் அந்த வழியாக வந்தார். அந்தப் பையனிடமிருந்து துடைப்பத்தை வாங்கி, "இது என் பட்டறைத் துடைப்பம், இதற்கு முறை இருக்கிறது" என்று சொல்லி எடுத்துக்கொண்டு போய்விட்டார். பிறகு ஆசிரியர் அறையில் என்ன பேச்சு நடந்ததோ, மறுவாரம் அந்தத் தண்டனை நின்றது.

மலேசியாவில் பள்ளித் தண்டனைக்கு 1959ஆம் ஆண்டின் கல்வி, பள்ளி ஒழுங்குமுறை விதிகள் இருக்கின்றன. பிரம்படி யார் கொடுக்கலாம், மாணவிகளுக்குக் கொடுக்கக்கூடாது என்பதெல்லாம் அதில் உண்டு. பிரம்பைப் பற்றி நாம் வருடக்கணக்காக விவாதிக்கிறோம். துடைப்பம் தண்டனையாகும்போது உடம்பில் தழும்பு விழுவதில்லை, அதனால் யாரும் விவாதிப்பதில்லை. ஆனால் ஒரு வேலையைத் தண்டனையாக்கினால், தண்டிக்கப்படுவது அந்தப் பையன் மட்டும் இல்லை. அதே வேலையைச் செய்து பிழைக்கும் அவன் அம்மாவும் அப்பாவும் சேர்ந்துதான்.

தாத்தா சொன்ன கணக்கு

இது எனக்கு வெறும் கருத்து இல்லை. என் தாத்தா பினாங்கு முனிசிபலில் தெருக்கூட்டும் தொழிலாளி. விடியுமுன் சூலியா தெருவை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை ஈர்க்குமாறு போட்டுக் கூட்டியவர். ஜார்ஜ் டவுனின் தெருக்களையும் கால்வாய்களையும் துப்புரவாக வைத்ததில் தமிழ்த் தொழிலாளர்களின் பங்கு பெரிது. நம் வீடுகளில் அதைப் பெருமையாகப் பேசுவதில்லை. 'என் பிள்ளை துடைப்பத்தைத் தொடக்கூடாது, பேனா பிடிக்க வேண்டும்' என்பதுதான் அந்தத் தலைமுறை எடுத்த சபதம். அப்பா அந்தச் சபதத்தில் வளர்ந்தவர்.

ஒருநாள் கடையில் உட்கார்ந்து நான் முறைப் பட்டியலை நோட்டில் எழுதிக்கொண்டிருந்தேன். அப்பா எட்டிப் பார்த்தார். முகம் மாறிவிட்டது.

"என்னம்மா இது, கூட்டுறதா? காசு கட்டிப் பள்ளிக்கூடம் அனுப்புறது இதுக்கா? நாளைக்கு நான் வந்து கேக்குறேன்."

இரவு வீட்டிலும் அதே பேச்சு. தாத்தா திண்ணை மாதிரி போட்டிருந்த பழைய பெஞ்சில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு என்னைக் கூப்பிட்டு, "பட்டியல்ல உன் பேரு மட்டுந்தானா, தாயி?" என்றார்.

"இல்ல தாத்தா. எல்லார் பேரும் இருக்கு."

"தவுக்கே புள்ள பேரு?"

"இருக்கு. போன வாரம் அவதான் கூட்டுனா."

தாத்தா அப்பா பக்கம் திரும்பினார். "நான் முப்பது வருசம் கூட்டினேன்டா. ஒரு நாள்கூட எனக்கு அடுத்து யாரு முறைன்னு பட்டியல் கிடையாது. தவுக்கேயும் கூட்டுனா அது வேலை. நான் மட்டுமே கூட்டுனா அதுக்குப் பேரு வேற. புள்ள கூட்டட்டும், விடு."

அப்பா பள்ளிக்கு வரவில்லை.

தாத்தா சொன்னதில் இன்னொரு பாதியும் இருந்தது. அது எங்கள் வீட்டுக்கானது. வீட்டில் துடைப்பம் என் கையில்தான் இருந்தது. தம்பிக்கு அது எந்த மூலையில் இருக்கிறது என்றுகூடத் தெரியாது. பட்டறையில் பையன்கள் கூட்டினார்கள், நான் ரம்பம் ஓட்டினேன். அந்தப் பாடத்தில் தொழில்நுட்பத் திறன், வீட்டுப் பொருளியல், விவசாயம் என்று விருப்பப் பிரிவுகள் உண்டு. பெண் பிள்ளைகள் பெரும்பாலும் வீட்டுப் பொருளியலுக்கே போனார்கள். நான் தொழில்நுட்பம் கேட்டேன். கிடைத்தது. பொதுப் பகுதியில் பையன்களும் பொத்தான் தைக்கத்தான் வேண்டியிருந்தது. அம்மா அந்த முறைப் பட்டியலை ஒரு நாள் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். அடுத்த வாரம் எங்கள் வீட்டு அடுப்படிச் சுவரிலும் ஒன்று ஒட்டப்பட்டது. தம்பிக்குச் செவ்வாயும் வெள்ளியும்.

பிறப்பா, முறையா?

கைவேலையைப் பள்ளிக்குள் கொண்டுவரும் யோசனைக்கு நீண்ட வரலாறு உண்டு. பின்லாந்து 1866லேயே கைத்தொழிலைப் பள்ளிப் பாடமாக்கியது. யூனோ சிக்னேயஸ் என்ற கல்வியாளர் அதற்கு முன்னின்றார். பிள்ளையைத் தச்சனாக்குவது அவர் நோக்கம் இல்லை. கை வேலை செய்தால் கவனமும் பொறுமையும் வளரும் என்றார். 1937இல் வார்தாவில் கூடிய கல்வி மாநாட்டில் காந்தி, கைத்தொழிலை மையமாக வைத்த ஆதாரக் கல்வியை முன்வைத்தார். ஜாகிர் உசேன் தலைமையிலான குழு அதற்குப் பாடத்திட்டம் வகுத்தது. 

ஆனால் தமிழர்களுக்கு இதில் ஒரு கசப்பும் உண்டு. 1953இல் சென்னை மாநிலத்தில் ராஜாஜி அரசு தொடக்கப்பள்ளி நேரத்தைக் குறைத்து, மீதி நேரத்தில் பிள்ளைகள் பெற்றோரின் தொழிலைக் கற்கலாம் என்று ஒரு திட்டம் கொண்டுவந்தது. எதிர்த்தவர்கள் அதைக் 'குலக்கல்வி' என்றார்கள். செருப்புத் தைப்பவர் பிள்ளை செருப்பும், துணி வெளுப்பவர் பிள்ளை துணியுமா என்ற கேள்விக்குப் பதில் இல்லை. பெரும் போராட்டம் நடந்தது. 1954இல் காமராசர் முதலமைச்சரானதும் திட்டம் கைவிடப்பட்டது.

இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எங்கள் பட்டறைக் கதவில் ஒட்டியிருந்த அந்தத் தாளின் மதிப்பு புரியும். பிறப்பைப் பார்த்துக் கொடுத்தால் கைவேலை விலங்கு. முறை வைத்து எல்லோருக்கும் கொடுத்தால் அது கல்வி. வேலையில் வித்தியாசம் எதுவும் கிடையாது, துடைப்பமும் அதேதான். யாருக்கு அடுத்து யார் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

ஜப்பானியப் பள்ளிகளில் பிள்ளைகளே வகுப்பறையையும் நடைபாதையையும் துப்புரவு செய்வதைக் காணொளிகளில் பார்த்திருப்பீர்கள். நம் பக்கத்து சிங்கப்பூரும் 2016 முதல், தினமும் சில நிமிடம் துப்புரவு வேலை செய்யும் பழக்கத்தை எல்லாப் பள்ளிகளுக்கும் கொண்டுபோனது. அங்கேயும் துப்புரவுத் தொழிலாளர்கள் இருக்கத்தான் செய்கிறார்கள். பிள்ளைகள் கூட்டுவது அவர்கள் வேலையைப் பறிப்பதற்காக இல்லை. அந்த வேலை எவ்வளவு கடினம் என்று ஒருமுறையாவது முதுகு வலித்துத் தெரிந்துகொள்ளத்தான்.

இன்றைய படிவம் 1

2017இல் படிவம் 1 சேர்ந்தவர்களிலிருந்து கெமாஹிரான் ஹிடுப் இல்லை. அதன் இடத்துக்கு 'ரெக்கா பெந்தோக் டான் தெக்னோலோகி' வந்தது. வடிவமைப்பும் தொழில்நுட்பமும். சில பள்ளிகளில் மாணவர்கள் அதற்குப் பதிலாகக் கணினி அறிவியல் அடிப்படை படிக்கிறார்கள். புதிய பாடத்தை நான் குறை சொல்ல மாட்டேன். பொருளை முதலில் தாளில் வரைந்து யோசிக்கிறார்கள். மின், மின்னணு வடிவமைப்பு, மீனும் செடியும் சேர்த்து வளர்க்கும் அக்குவாபோனிக், உணவு, ஆடை வடிவமைப்பு என்று பல விஷயங்கள் உள்ளன. நம் காலத்தில் ஒரே மாதிரி செய்து கொடுத்த பெட்டியை விட இது யோசனையைக் கேட்கும் பாடம்.

வருத்தம் ஒன்று உண்டு. குழாய் சொட்டினால் உள்ளே இருக்கும் வாஷரை மாற்றுவது, பிளக் மாட்டுவது, கிழிந்ததைத் தைப்பது போன்ற அன்றாட வேலைகளுக்கு அங்கே இருந்த இடம் சுருங்கிவிட்டது. வேலைக்குப் போய்ப் புதிதாக வீடெடுக்கும் இளைஞர்கள் இரண்டு வெள்ளி வாஷருக்கு ஆளைக் கூப்பிட்டு அறுபது வெள்ளி கொடுக்கும் கதைகள் எனக்குத் தெரிந்தவர்களிடமே நிறைய உண்டு.

இன்னொரு பக்கம், கைத்தொழில் என்றாலே 'படிப்பு ஏறாத பிள்ளைக்கு' என்று முகம் சுளிப்பதை நம் குடும்பங்கள் இன்னும் விடவில்லை. நாட்டின் தொழிற்கல்விப் பள்ளிகள் 2012 முதல் தொழிற்கல்லூரிகளாக மாற்றப்பட்டு டிப்ளோமா வரை போகும் வழி திறந்தது. பினாங்கிலேயே பத்து லஞ்சாங்கில் ஒரு தொழிற்கல்லூரி இருக்கிறது. மின்சாரம், வெல்டிங், குளிர்சாதனம் தெரிந்த பிள்ளைக்கு வேலை தேடி வரும். ஆனால் திருமணப் பேச்சில் இன்னும் 'மாப்பிள்ளை ஆபீஸா?' என்றுதான் முதலில் கேட்கிறோம்.

என் வேலை ஆபீஸ் வேலைதான். குளிரூட்டிய அறை, மைக், ஹெட்போன். ஊடகத் துறையில் பட்டம் வாங்கித்தான் இங்கே வந்தேன். ஆனால் வெளி நிகழ்ச்சிக்குப் போகும்போது என்னைக் காப்பாற்றுவது பட்டம் இல்லை. மைக் கேபிளை முறுக்கு விழாமல் சுருட்டத் தெரிய வேண்டும். இல்லாவிட்டால் உள்ளே கம்பி ஒடிந்து, நேரலை நடுவே கரகர சத்தம் வரும். கிளம்பும்போது எத்தனை மைக், எத்தனை பேட்டரி என்று எண்ண வேண்டும். எங்கள் சாமான் பெட்டியில் ஒவ்வொரு பொருளுக்கும் அதன் வடிவத்திலேயே ஸ்பாஞ்சில் குழி வெட்டியிருக்கும். ஒரு குழி காலியாக இருந்தால் வண்டி நகராது. பயிற்சிக்கு வரும் பிள்ளைகள், 'அக்கா, இதை யாரிடம் கற்றீர்கள்?' என்பார்கள். ஒரு மலாய் வாத்தியாரிடம் என்பேன்.

வீட்டிலேயே ஒரு பட்டறை

பள்ளி மீண்டும் தரும் என்று காத்திருக்க வேண்டாம். அடுத்த பள்ளி விடுமுறையில் வீட்டிலேயே தொடங்கலாம். பெரிய செலவில்லை. ஒரு சுத்தியல், இரண்டு வகைத் திருப்புளி, ஒரு இடுக்கி, அளவு நாடா, உப்புத்தாள், ஊசி நூல் போதும். பெற்றோர் பக்கத்தில் இருந்துதான் செய்ய வேண்டும்.

முதல் வாரம் பிளக். எந்தச் சாதனத்திலும் பொருத்தாத, மின்சாரம் இல்லாத பழைய பிளக்கைக் கழற்றி, மூன்று கம்பியும் எங்கே போகிறது என்று பிள்ளை உங்களுக்கு விளக்கட்டும். அதற்கு மேல் வீட்டு வயரிங்கில் கை வைக்க வேண்டாம், அது எரிசக்தி ஆணையத்தில் பதிவு பெற்ற வயர்மேனின் வேலை என்பதையும் அதே நாளில் சொல்லுங்கள். எங்கே நிறுத்த வேண்டும் என்று தெரிவதும் திறன்தான்.

இரண்டாம் வாரம் குழாய். முதலில் வீட்டின் முதன்மைத் தண்ணீர் வால்வு எங்கே இருக்கிறது என்று தேடச் சொல்லுங்கள். பல வீடுகளில் பெரியவர்களுக்கே தெரியாது. அதை அடைத்தபின் குழாயைக் கழற்றி, பழைய வாஷரைக் கடைக்கு எடுத்துப்போய் அதே அளவில் வாங்கி மாட்டலாம். 

மூன்றாம் வாரம் பொத்தான், கிழிசல், பள்ளிச் சட்டையின் தையல் விட்ட பை. மகனுக்கும் இது உண்டு. நான்காம் வாரம் ஏதாவது ஒரு பொருள். சாவி மாட்டும் பலகை செய்யலாம். அதில் கருவி நிழல் மாதிரி ஒவ்வொரு சாவிக்கும் பெயர் எழுதி மாட்டினால், காலையில் 'என் சாவி எங்கே?' என்ற சத்தம் பாதி குறையும்.

ஒவ்வொரு வேலையும் முடியப் பதினைந்து நிமிடம் இருக்கும்போது கையைத் தட்டுங்கள். மேசையைத் தட்டி, கருவியைத் துடைத்து, எண்ணி, கூட்டி முடித்தால்தான் வேலை முடிந்தது என்று கணக்கு. பிள்ளை பாதியில் விட்டால், தவறு செய்ததற்குத் தண்டனையாகக் கூட்டச் சொல்லாதீர்கள். அது அதன் முறை என்பதால் கூட்டச் சொல்லுங்கள். வார்த்தை ஒன்றுதான் மாறுகிறது, ஆனால் பிள்ளையின் காதில் அது வேறு மாதிரி விழும்.

பிறகு ஒரு தாள் எடுத்து முறைப் பட்டியல் எழுதி அடுப்படிச் சுவரில் ஒட்டுங்கள். பெருக்குவது, பாத்திரம், குப்பை, துணி மடிப்பது, கழிப்பறை, எல்லாமே இருக்கட்டும். வீட்டு உதவிக்கு ஆள் வைத்திருந்தாலும் வாரத்தில் ஒரு நாளாவது பட்டியல் ஓடட்டும். மகள் பெயர் எத்தனை முறை வருகிறதோ அத்தனை முறை மகன் பெயரும் வர வேண்டும். முதல் வரியில் அப்பாவின் பெயரை எழுதுங்கள்.